தம்பி கேட்ட வெளிச்சம்

பழைய காரின் ஹெட்லைட் மங்கலாகத்தான் எரியும். அதைக் குறை என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்துச் சாலைக்கும் வேகத்துக்கும் அது போதும் என்று யோசித்துத்தான் செய்திருப்பார்கள். இப்போது எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கிற விளக்கோடு வருவதால் நம்முடையது அகல் விளக்காகத் தெரிகிறது. வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கிற எனக்கு இது தெரியும். தம்பிக்குத் தெரியாது. அந்தக் காரில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொள்வது.

முதலிலிருந்தே சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அந்தக் கார் அப்பாவுடையது. அவர் ஓட்டுவதை விட்ட பிறகு வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வருடக்கணக்கில் நின்றது. எலி கடித்த வயர்களை உருவிப் போட்டு, புதிதாக இழுத்து, எஞ்சினை இறக்கி ஏற்றி, அதற்கு உயிர் கொடுத்தவன் நான். விடுமுறை என்பதையே மறந்துபோனேன். வண்டி முதன்முதலாக உறுமியபோது அப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "ராசாவைக் கூப்பிடுடா, அவன் பாக்கட்டும்" என்றார்.

ராசா என்றால் தம்பி. பிறந்ததிலிருந்து வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். என்னை அப்பா 'பெரியவன்' என்பார். அவனுக்குக் கிடைத்தது பட்டம், எனக்குக் கிடைத்தது வேலை.

சாவியையும் அவனிடம்தான் கொடுத்தார். நான் வாய்விட்டே கேட்டேன். "நீதான் நாள் முழுக்க வண்டிக்கடியிலயே கெடக்குறியே, உனக்கெதுக்கு இன்னொண்ணு? அவன் வச்சிருந்தா ஒரு அழகு" என்றார். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறிய கதைதான். ஆனால் தம்பி பாம்பு இல்லை, அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அன்று சாயங்காலமே பட்டறைக்கு வந்தான். "சாவி எங்கிட்ட இருந்தா என்னண்ணா, வண்டி நம்ம ரெண்டு பேருக்கும்தானே" என்றான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

அவன் காருக்குப் புதுச் சாயம் பூசினான். மலைமேல் இருக்கிற ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை கூடுவார்கள். அங்கே அவனுக்குக் கோப்பை கொடுத்தார்கள். நோகாமல் நோன்பு கும்பிட்டவனுக்குக் கோப்பை. வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. கார், தம்பி, அவன் தோளில் கை போட்டபடி அப்பா. படத்தை எடுத்தவன் நான். வயிறு எரிந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் பொறாமை என்று நீங்கள் சொல்வதைத்தான் ஏற்க மாட்டேன். பொறாமை என்பது பிறத்தியார் பொருள்மேல் வருவது. அந்தக் கார் என்னுடையது. அந்தக் கையும் என் தோளுக்கு வந்திருக்க வேண்டியது.

இந்த வருடம் கூட்டத்துக்குப் போவதற்கு முன்னால் அப்பா பட்டறைக்கு வந்தார். இத்தனை காலத்தில் அவர் என் பட்டறைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. "திரும்பி வரும்போது இருட்டிடுது. லைட்டு பத்தலைன்னு ராசா கண்ணைக் கண்ணைக் கசக்குறான். நல்லதா ஒண்ணு போட்டுக் குடு" என்றார். சுவரில் வரிசையாக மாட்டியிருந்த சாமான்களை ஒரு பார்வை பார்ப்பார் என்று காத்திருந்தேன். வாசலிலேயே திரும்பிவிட்டார்.

இங்கே தொழில் விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காரில் ஹெட்லைட்டுக்குப் போகிற மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டில் இருக்கிற சுவிட்சு வழியாகத்தான் போகும். சுவிட்சுக்குள் ஒரு சின்னத் தகடு உண்டு. சூடு மிஞ்சினால் அது வளைந்து மின்சாரத்தை வெட்டிவிடும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். வண்டி தீப்பிடிக்காமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. அதனால் பெரிய பல்பு போடுகிறவர்கள் கூடவே ரிலேயும் போடுவார்கள். தீப்பெட்டி அளவுச் சாமான்தான், ஆனால் பாரம் முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும், சுவிட்சு சூடாகாது. பல்பும் ரிலேயும் புருஷன் பெண்டாட்டி மாதிரி. ஒருவரை விட்டு ஒருவரை அழைக்கக் கூடாது.

பெரிய பல்புகளைப் போட்டேன். ரிலேயைக் கையில் எடுத்தேன், பிறகு மேஜை இழுப்பறையில் வைத்தேன். பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டுப் பார்த்தேன். சுவர் வெள்ளை வெளேரென்று ஆனது. டாஷ்போர்டில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சூடு மெல்ல ஏறியது. காபி குடித்து முடிக்கிற நேரம் இருக்கும், 'டக்' என்று ஒரு சத்தம், இரண்டு விளக்கும் அணைந்தன. கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்தன. எல்லாம் சரியாக இருந்ததால் திருகுகளை முடுக்கிவிட்டேன்.

மலைச் சாலை எனக்குப் பழக்கமானது. திரும்பி வரும்போது, மலையூரை விட்டு இறங்கியதும் கொஞ்ச தூரம் மரங்களுக்கு நடுவே நேராகப் போகும். வளைவுகள் அதற்கப்புறம்தான். காபி குடித்து முடிக்கிற நேரத்துக்கு அப்புறம்.

தம்பி வண்டியை எடுக்க வந்தான். வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டான். "பகல் மாதிரி இருக்குண்ணா! நீயும் வாயேன், பின்னாடி இடமிருக்கு" என்றான். வேலை இருக்கிறது என்றேன். "டிம்ல ஓட்டாதே. பிரைட்லயே வச்சு ஓட்டு, வளைவு ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். பிரைட்டில் சூடு சீக்கிரம் ஏறும்.

அப்பாவும் கூடப் போகிறார் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். முன் சீட்டில்தான் உட்காருவார் என்பதும் தெரியும்.

பள்ளத்திலிருந்து காரைத் தூக்கியபோது நானும் அங்கே நின்றேன். முதலில் ஓடிவந்தவர்கள், கார் தலைகீழாகக் கிடந்ததாகவும் ஹெட்லைட் இரண்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்ததாகவும் சொன்னார்கள். தம்பி அங்கேயே போய்விட்டான். அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்ததோடு சரி. வண்டியைச் சோதிக்க வந்த உங்கள் ஆள் டாஷ்போர்டுக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ரிலே போட மறந்துட்டான். எவனோ கத்துக்குட்டி வேலை" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்.

நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தது அதற்காகத்தான். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, சந்தேகப்படவும் இல்லை. அப்பாவின் காதுக்கு அந்தப் பேச்சு எட்டிவிடக் கூடாது. நான் மறக்கவில்லை. என் வேலையில் இதுவரை எதையும் மறந்ததில்லை. போட வேண்டாம் என்று முடிவு செய்து போடாமல் விட்டேன், அவர்கள் இரண்டு பேரும் திரும்பி வரக் கூடாது என்பதற்காக. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆஸ்பத்திரியில் அப்பா கண் விழித்தபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "லைட்டு பொசுக்குனு போச்சுடா. அப்பக்கூட ராசா பயப்படலை. 'பயப்படாதீங்கப்பா, அண்ணன் போட்ட லைட்டு, அண்ணன் வேலை தப்பாது, இதோ வந்துரும்'னான்" என்றார்.

தம்பி அப்படிச் சொல்லக்கூடியவன்தான். எனக்கு ஆச்சரியமில்லை. "அவன் அப்படிச் சொன்னதுக்கு நீங்க என்னப்பா சொன்னீங்க?" என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நீங்கள் எப்படியும் அவரை விசாரிக்கப் போவீர்கள். போனால் அதை மட்டும் கேட்டு வந்து சொல்லுங்கள்.