சாடையாகச் சொன்னது

எனக்கு எதையும் நேரடியாகச் சொல்லிப் பழக்கமில்லை, சார். அறையில் உப்பு தீர்ந்தால்கூடக் காலி டப்பாவை அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுவேன். கூட இருக்கும் தளவாய் பார்த்துவிட்டு வாங்கிவருவான். வாய் திறந்து சொன்னால் அது என் வேலை. சாடை காட்டினால் அவனாகச் செய்தது.

நாலு வருடமாக வல்லம் வடகாலில் ஒரே அறை. இருவருக்கும் ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஞாயிற்றுக்கிழமை அவன் வெளியே போனால் நான் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்துக்கிடப்பேன். வேறு யாரும் எனக்கு இல்லை.

கவியாவோடு அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சிங்கப்பெருமாள் கோவில் ஊர்ப்பக்கம் வீடு பார்க்க ஆரம்பித்தான். "எலே மாகாளி, நீயும் அங்கனயே ஒரு ரூம் பாத்துக்கிடுலே" என்றான். நல்ல மனசு. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நம் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்த தளவாயை அப்போதுதான் பிரஸ் மெஷினுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே இரண்டு பட்டன்களையும் இரண்டு கைகளால் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. ஒரு பட்டனை டேப் சுற்றி அமுக்கி வைத்தால் ஒரு கை மிச்சம், வேலை பறக்கும். பழைய ஆட்களுக்கு இது தெரியும்.

அன்றைய கவுன்ட்டை முடித்தவன் சீக்கிரம் கிளம்பலாம் என்பது எங்கள் லைன் வழக்கம். தளவாய்க்கு வீடு பார்க்கப் போகும் அவசரம். சூப்பர்வைசர் எல்லப்பன் வந்து, "இன்னாபா, பாதிகூட வர்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"பழைய ஆளுக மூணு மணிக்கே முடிச்சிருதாங்க, ஒத்தக் கையாலயே" என்றேன். டேப் ரோலை அவன் மெஷின்மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்றைக்கு டீ நன்றாக இருந்தது.

அவனுக்கு வலது கையில் மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. கவியா வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். பாவம்தான். இப்போது குளிப்பாட்டுவது, தலைவாருவது எல்லாம் நான். "நீ இல்லேன்னா நா என்னலே ஆயிருப்பேன்" என்று அழுதான். என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

இந்த விசாரணையில் தப்பு அவனுடையது என்று நீங்கள் முடிவு செய்தால் வேலை போய்விடும், ஊருக்குப் போய்விடுவான். அதனால்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்: கை போகும் என்று தெரிந்தேதான் வைத்தேன். அவனுக்குக் கேட்டில் உட்காரும் வேலையாவது கொடுங்கள்.

இதை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். நான் கிளம்பலாமா சார், அவன் சாப்பிடாமல் எனக்காகக் காத்திருப்பான்.