புரொபசருக்கு வண்டு

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் படகில், எனக்கு முன் பலகையில் இரண்டு அரிசி வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் திடீரென்று பெரியவரிடம், "இக்கா, உங்க அரிசிக் கிட்டங்கியில வண்டு இருக்கா?" என்றார். நான் விலங்கியல் பாடப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"என் அரிசியில வண்டா? எவன்டா சொன்னான்?"

"கோவிக்காதீங்க. வண்டு அரிசியைத் தின்னு தீர்த்ததாலதானே எங்க அத்தா யூனிவர்சிட்டிக்குப் பணம் கொடுத்து, உயிரியலுக்கு ஒரு புரொபசரை வைக்கச் சொன்னார்? அவர் வருஷத்துக்கு ஒருவாட்டி நம்ம கிட்டங்கிக்கு வந்து பார்க்கணும்னு எழுதியும் வச்சார்."

"ரெண்டு பேரு எட்டிப் பார்க்காமலே ரிட்டயர் ஆயிட்டாங்களே."

"மூணாவது ஆளு நாளைக்கு வர்றார், இக்கா! பெரிய மனுசன் வர்றாரேன்னு ஆளுங்க கூட்டிப் பெருக்கி, புகையும் போட்டுட்டாங்க. சாயா, பழம்பொரி எல்லாம் ஏற்பாடாச்சு. வண்டு ஒண்ணுகூட இல்லை. வெறுங்கையோட திரும்பினா அடுத்த வருஷம் வருவாரா?"

படகு ஜெட்டியில் அணைந்ததும் பெரியவர் இளையவர் பக்கம் குனிந்தார்.

"ராவிலே என் கிட்டங்கியிலேருந்து ஒரு சாக்கு அரிசி அனுப்புறேன். புரொபசருக்குத் தாராளமா காணும். ஆனா யாரு கேட்டாலும் அது உன் அரிசி, கேட்டியா?"