இது நீங்கள்தானா?

— அப்போ செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் அமுக்கினது யாருக்கு?

— எனக்குத்தான். வேற யாருக்கு? இந்தச் சட்டையில ஒரு பட்டன் தொங்குது பாரு. ஊசி எங்க வச்சிருக்க?

— பட்டன் கிடக்கட்டும். நீங்க அப்போ கேன்டீன்ல இருந்தீங்க. கூட வேலை பார்க்கறவர் ஃபோன்ல இருந்து கூப்பிட்டு, பாப்பா தூங்கிட்டாளான்னு கேட்டீங்க, வாய் நிறையச் சோத்தோட. பேசி வச்ச கையோட, வீட்டுல மறந்துட்டுப் போன உங்க ஃபோன் ‘இது நீங்கள்தானா?’ன்னு கேட்டுச்சு. நானும் வழக்கம்போல ‘ஆமாம்’னு அமுக்கினேன். நீங்க கமாண்ட் அடிச்சாத்தானே அது கேக்கும், தட்டுல கைய வச்சுக்கிட்டு கம்ப்யூட்டர்ல எப்படிங்க அடிச்சீங்க?

— லாஜிக்கா யோசி. சில நேரம் அது லேட்டா வரும்.

— அதுசரி. வீட்டுல இருந்து வேலை பார்க்கற நாளெல்லாம் அடுப்புக்குப் பக்கத்துலதான் அது சார்ஜ் ஏறும். உள்ரூம்ல இருந்து நீங்க ‘அமுக்கு’ன்னு குரல் குடுக்கறதுக்குள்ள இங்க கேட்டுடும். ஈரக் கையத் துடைச்சுக்கிட்டு ஓடறவளுக்குத் தெரியாதா? ஒரு நாள் லேட்டா வந்ததில்ல.

— சத்தம் போடாத, பாப்பா எழுந்துடுவா.

— நான் சத்தம் போடல. நீங்கதான் ஊசியக் குத்திக்கிட்டு நிக்கறீங்க.

— சரி, அது நான் இல்ல. போதுமா? எவனோ ஒருத்தன். முந்தின வாரம் ஆபீஸ் லாகின் பக்கம் மாதிரியே அச்சு அசலா ஒண்ணு மெயில்ல வந்துச்சு. அவசரத்துல பாஸ்வேர்ட அதுல அடிச்சுத் தொலைச்சிட்டேன். ஆனா வெறும் பாஸ்வேர்ட வச்சு அவனால ஒண்ணும் கிழிக்க முடியாது. ஃபோன்ல ‘ஆமாம்’ சொன்னாத்தான், ‘இது நீங்கள்தானா’ன்னு கேக்கற அந்தக் காவல் கருவி, ஆபீஸ் தகவலெல்லாம் சேர்த்து வச்சிருக்கற கிளவுட்ல நுழையறதுக்குச் சாவி குடுக்கும். அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும். அதுக்காகத்தானே அதை நான் ஆபீஸுக்குள்ள கொண்டு வந்தேன்.

— அப்போ அவன் கையில சாவியக் குடுத்தது நான்.

— நீ என்ன பண்ணுவ? ‘இன்னிக்கு நாள் பூரா எத்தனை தடவை கேட்டாலும் யோசிக்காம அமுக்கு’ன்னு ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டுச் சொன்னது நான்தானே.

— அந்த ஒரு மணி நேரத்துலதான் ஆஸ்பத்திரிக்காரங்க உங்கள நம்பி வச்சிருந்த ஸ்கேன் படமெல்லாம் அழிஞ்சு போச்சா?

— பாதிய மீட்டுட்டாங்க.

— மீதிப் பேரு? முடியாதவங்க எல்லாரும் திரும்பப் போய் அந்த மெஷினுக்குள்ள படுக்கணுமா? எனக்குக் கை கூசுதுங்க. இதே கையாலதான் அன்னிக்குப் பாப்பாவுக்கு ஊட்டினேன். சரி, அப்புறம் எதுக்கு அந்தப் பக்கத்து சீட்டுப் பொண்ணை வேலைக்கு வராதேன்னு நிறுத்தி வச்சிருக்காங்க?

— நான் அவமேல ஒண்ணும் சொல்லல, புரிஞ்சுக்கோ. ‘நீங்க லாகின் பண்ணிட்டுச் சாப்பிடப் போனப்போ உங்க சீட்டுல யாராவது உக்காந்தாங்களா’ன்னு கேட்டாங்க. அவ உக்காந்ததை நான் திரும்பி வரும்போது பார்த்தேன். உக்காந்தான்னு சொன்னேன். அது பொய் இல்லையே.

— லாகின் பண்ணிட்டுப் போனீங்கன்னது?

— அதை அவங்களா நினைச்சுக்கிட்டாங்க. நான் இல்லைன்னு சொல்லல, அவ்வளவுதான்.

— பூசி மெழுகாதீங்க. நேத்து அவ எனக்குக் கூப்பிட்டா. ‘அண்ணி, ஸ்டேப்ளர் தேடித்தான் அண்ணா சீட்டுல உக்காந்தேன். அண்ணாவுக்கு என்னைப் பத்தித் தெரியும், விசாரணையில அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்’ங்கறா. நானும் பெரிய இவளாட்டம், ‘அண்ணன் பார்த்துப்பாரு, நீ அழாத’ன்னு தைரியம் சொன்னேன்.

— எனக்கு மட்டும் நல்லா இருக்கா? கண்ணாடியில என் மூஞ்சியப் பார்க்கவே பிடிக்கல. வெக்கமா இருக்கு, நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. ஆபீஸ் சுவத்துல ‘உங்கள் ஃபோன் உங்கள் கையில் மட்டும்’னு நோட்டீஸ் ஒட்டினவன் நான். புதுசா சேர்றவங்கள நிக்க வச்சு சத்தியம் வாங்கறவன் நான். அவகிட்டயும் வாங்கினேன். இப்போ போய், வீட்டுல என் பொண்டாட்டிதான் அமுக்குவான்னு எந்த வாயால சொல்லுவேன்?

— சத்தியம் வாங்கின அதே வாயாலதான்.

— சொன்னா வேலை போயிடும்.

— இப்போ அவளுக்குப் போகுதே.

— அவ சின்னப் பொண்ணு. வேற இடத்துல கிடைக்கும்.

— நோயாளிங்க படத்தை வேணும்னே அழிச்சவள்னு பேர் வாங்கிட்டுப் போனா, எவன் குடுப்பான்? ஏங்க, யார் எங்கிருந்து உள்ளே வந்தாங்கன்னு அந்தக் கருவி எல்லாத்தையும் பதிஞ்சு வைக்கும்னு பெருமையாச் சொல்வீங்களே. அதைப் பார்த்தா உண்மை தெரிஞ்சிடாதா?

— தெரியும். அதை எடுத்துக் குடுக்கற பொறுப்பு என்கிட்டதான் இருக்கு. இன்னிக்குப் பத்து மணிக்குக் குடுக்கணும்.

— குடுப்பீங்கதானே?

— செவ்வாய்க்கிழமை வெளியில இருந்து ஒருத்தன் வந்தான்னு காட்டற அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துட்டு.

— அடக் கடவுளே. பாஸ்வேர்டையாவது மாத்தினீங்களா?

— மாத்தல. மாத்தினா ஏன்னு கேப்பாங்க. திருடு போச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

— அப்போ அவன் மறுபடி வந்தா?

— ஃபோன்ல யாரும் அமுக்கலேன்னா அவனால ஒண்ணும் பண்ண முடியாது. நீ இனிமே அதைத் தொடாம இருந்தாச் சரி.

— ஏங்க, இப்போ கமாண்ட் ஏதாவது அடிச்சீங்களா?

— உன் முன்னாடிதானே பட்டன் தைச்சுக்கிட்டு நிக்கறேன். லேப்டாப் பைக்குள்ள இருக்கு. ஏன்?

— அடுப்புக்கிட்ட ஃபோன் கேக்குது. ‘இது நீங்கள்தானா?’ன்னு.

— தொடாத. கொஞ்ச நேரம் பார்த்துட்டு அதுவே போயிடும்.

— கீழே ‘நான் இல்லை’ன்னு இன்னொண்ணு இருக்கே. இத்தனை நாள் இது என் கண்ணுலயே பட்டதில்ல. இதை அமுக்கினா என்ன ஆகும்?

— வேணாம். அது என் கை வழியாப் போகாது, நேரா தலைமை ஆபீஸுக்குப் போகும். வெளியாள் ஒருத்தன் என் பாஸ்வேர்டோட வந்திருக்கான்னு அந்த நிமிஷமே தெரிஞ்சிடும். செவ்வாய்க்கிழமையில இருந்து எல்லாத்தையும் அவங்களே தோண்டிடுவாங்க. யாரும் எதையும் மறைக்கக் கூடாதுன்னு நான்தான் அப்படி அமைச்சு வச்சேன்.

— அப்போ அந்தப் பொண்ணு தப்பிச்சிடுவா.

— அவ தப்பிச்சிடுவா. ஃபோனக் குடு.

— குடுத்தா நீங்களே அமுக்குவீங்களா?

— கொஞ்சம் யோசிக்க விடும்மா. குடு அதை.

— யோசிக்காம அமுக்குன்னுதானே சொன்னீங்க. அமுக்கிட்டேன். இதுவும் உங்க பேர்லதான் போயிருக்கு.