பத்துக் கட்டி சியாக்காப்

தூண்டில் கம்பு வாங்கப் போகிறவன் கணுவை எண்ணிக்கொண்டு நிற்கக் கூடாது சாமி. விரலால் தட்டிக் காதோடு வைத்துக் கேட்க வேண்டும். நல்ல மூங்கில் டங்கென்று பதில் சொல்லும். வண்டு குடைந்த மூங்கில் ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி முனகும். கடைக்காரன் பேச்சை நம்பக் கூடாது. கூட வந்தவன் பேச்சையும் நம்பக் கூடாது. கூட வந்தவன் நானாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும்.

நேற்றுப் பூசையில் என் மகள் ஆலிசுக்கும் கப்பல் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி வின்சென்டுக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்தீர்கள். இந்தக் கல்யாணத்துக்கு ஏதாவது விக்கினம் இருப்பதாக அறிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும், மறைப்பது பாவம் என்றீர்கள். எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன். நேரில் வராததற்குக் காரணம் உங்கள் காது மந்தம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஒருவன் தன் பாவத்தை உங்கள் காதில் ஏற்றி முடிப்பதற்குள், வெளியே முழங்காலில் நிற்கிற அமலம்மாள் அதைப் பினாங்கு ரோடு முழுக்கக் கொண்டுபோய்விடுவாள். ஆகவே எழுத்தில். மூன்றாம் வகுப்புப் படிப்புதான். எழுத்தில் பிழை இருக்கும், விஷயத்தில் இருக்காது.

நாலு வருஷத்துக்கு முன்னால் வின்சென்டின் தாயார் ஒரு தட்டில் கேக்கை வைத்து மூடி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். விதவை. மெலிந்த உடம்பு.

"அண்ணே, பையன் கட்டுனா உங்க ஆலிஸைத்தான்னு நிக்கிறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, பத்து நாள் வின்சென்டின் பின்னாலேயே நடந்தேன். குடிக்கவில்லை. சூது இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயில். இப்படி இருக்கிறவனை எப்படி நம்புவது? பத்தாம் நாள் சூலியா தெருவில் முன்பின் தெரியாத ஒருவன், நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிக் குடையைக் கேட்டான். வின்சென்ட் கொடுத்துவிட்டு மழையில் நனைந்துகொண்டே ஆபீசுக்குப் போனான். அப்போதுதான் எனக்குக் குறை அகப்பட்டது. யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவன். இப்படிப்பட்டவன் கையில் பெண்ணைக் கொடுக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.

ஆனாலும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல நான் கெட்டவன் இல்லை. அவனைக் கூப்பிட்டேன். "எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் தம்பி. மாப்பிள்ளை ஆகப்போறவன் பத்துக் கட்டி எடைக்குக் குறையாம ஒரு சியாக்காப் பிடிச்சுக் கொண்டு வரணும். தூண்டில்லதான். வலை கூடாது" என்றேன். அப்படி ஒரு வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அந்த நிமிஷம் தோன்றியது. எங்கள் ஊரில் கொடுவா என்று சொல்கிற மீன்தான் இங்கே சியாக்காப். கெட்டிக்காரன் கைக்கே லேசில் வராது.

"எனக்குத் தூண்டில் பிடிக்கவே தெரியாதே மாமா."

"நான் எதுக்கு இருக்கேன்?"

கூட வந்திருந்த அவன் தாயாருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பார் என்று கேட்டாள். உண்மைதான்.

முப்பது வருஷம் தொங்கானில், சரக்குப் படகில், கயிறு வேலை பார்த்தவன் நான். முடிச்சு, நூல், கம்பு எதுவும் எனக்குத் தெரியாததில்லை. அதனால் அவனுக்குச் சொல்லித் தந்த ஒவ்வொன்றையும் நன்றாகத் தெரிந்தேதான் சொல்லித் தந்தேன். முதலில் சீனன் கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய் நாற்பது கம்புகளைத் தட்டிப் பார்த்து, இருந்ததிலேயே அதிகமாக முனகிய கம்பை எடுத்துக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் ஒரு கெளுத்திக்கே அது இரண்டாக ஒடிந்தது. "மீன் பெருசு போல மாமா" என்றான். ஆமாம் என்றேன்.

பிறகு அவனாகவே பீச் தெருவில் வெள்ளைக்காரன் கடையில் ஒரு கம்பும் பித்தளை ரீலும் வாங்கி வந்தான். மூங்கிலைப் பட்டை பட்டையாகச் சீவி, ஆறு பட்டையை ஒன்றாக ஒட்டிச் செய்த கம்பு. வளைத்துப் பார்த்தேன். நுனி இளகிக் கொடுத்தது, அடி அசையாமல் நின்றது. சியாக்காப் இழுக்கிற இழுப்புக்கு அதைவிட நல்ல கம்பு கிடைக்காது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. நுனித் துண்டு குளத்து மீனுக்கு, கடலுக்கு ஆகாது என்று சொல்லிக் கழற்றி வைக்கச் சொன்னேன். மிச்சம் இருந்தது துடைப்பக்கட்டை மாதிரி இருந்தது. அதைப் பெருமையாகத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான்.

அவனிடம் ஒரு சின்ன நோட்டு இருந்தது. நான் சொல்வதையெல்லாம் ஆபீஸ் கையெழுத்தில் வரிசை நம்பர் போட்டு எழுதிக்கொள்வான். ரீலில் கடல் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட வேண்டும். நான் உப்புதான் பித்தளைக்குப் பலம், தேங்காய் எண்ணெய் விடு என்றேன். ஒரு மாதத்தில் அந்த ரீல் செம்மண் ரோட்டில் போகிற மாட்டு வண்டி மாதிரி அழ ஆரம்பித்தது. பட்டு நூலை நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு சுற்றி டப்பாவில் மூடு என்றேன். சியாக்காப்பின் செவுள் மூடி கத்தி மாதிரி, நூலை அறுத்துவிடும், அதனால் தூண்டில் முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்ட வேண்டும். கம்பியைப் பார்த்தால் மீன் ஓடிவிடும் என்றேன். முள்ளை மழுக்கச் சொன்னதும் நான்தான். கூராக இருந்தால் மீனுக்கு வலிக்கும், வலித்தால் உதறும் என்று காரணமும் சொன்னேன். "மாமாவுக்கு மீன் மேலகூட இரக்கம்" என்று சொல்லி அதையும் எழுதிக்கொண்டான். நம்பர் பதினேழு.

மீன் இரை எடுப்பது தண்ணீர் ஏறி இறங்குகிற நேரத்தில். நான் அவனை நிற்கவைத்தது மட்டமத்தியான வெயிலில், சேறு தெரிய வற்றிய தண்ணீரில்.

நாங்கள் தூண்டில் போடுகிற பாலத்தடியில் உயிர் இறால் விற்கிற சித்தி ஹாஜரா ஒருத்திதான் சந்தேகப்பட்டாள். சும்மா இருக்க மாட்டாள் அவள்.

"ஏன் அண்ணே, நீங்க அந்தத் தம்பிக்கு மீன் பிடிக்கச் சொல்லித் தர்றீங்களா, மீனுக்குத் தப்பிக்கச் சொல்லித் தர்றீங்களா லா?"

"உன் இறால் செத்த இறால். அதான் மீன் வரல."

"என் இறால் உங்க மூஞ்சியப் பாத்துத்தான் சாகுது" என்றாள். அன்றிலிருந்து இறால் வேறு இடத்தில் வாங்கினோம். செத்த இறாலாகப் பார்த்து.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. வின்சென்டின் தாயார் காலமாகிவிட்டாள். கடைசி நாட்களில், மீன் கிடைச்சுதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அடக்கத்துக்குப் போனேன், முன் வரிசையில் நின்றேன். கல்லறையில் வின்சென்ட் என் தோளில் சாய்ந்து அழுதான். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. நல்ல கேக் செய்வாள்.

ஆலிசுக்கு இருபத்திரண்டு இருபத்தாறு ஆயிற்று. இரண்டு பேரும் கோயில் வாசலில் ஐந்து நிமிஷம் பேசிக்கொள்வார்கள், நான் பத்தடி தள்ளி நிற்பேன். வேறு இடத்திலிருந்தும் பெண் கேட்டு வந்தார்கள். அவர்களிடம் ஏற்கனவே ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லி அனுப்பினேன். வாக்கு என்றால் வாக்கு.

போன மழைக்காலத்தில் ஒருநாள் நடக்கக் கூடாதது நடந்தது. காலை நேரம், மேகமூட்டம், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் இல்லாததால் நேரத்தைத் தப்பாகக் கணக்குப் பண்ணிவிட்டேன். மழுங்கின முள்ளை, செத்த இறாலை, ஒரு குருட்டு சியாக்காப் எடுத்துவிட்டது. பத்துக் கட்டிக்கு மேலேயே இருக்கும். தண்ணீருக்கு மேல் எழும்பித் தலையை உதறியதைப் பார்த்தேன். ரீல் அழுதுகொண்டே சுற்றியது. அந்தத் துடைப்பக்கட்டையை வைத்துக்கொண்டு அவன் கால் மணி நேரம் போராடினான். பாலத்தில் போகிறவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். மீன் தூணடிக்கு வந்துவிட்டது. "மாமா, குனிஞ்சு தூக்குங்க மாமா" என்றான். குனிந்தேன். நூல் அறுந்தது.

செவுள் அறுத்துவிட்டது என்றேன். அவன் கம்பைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். "விடுங்க மாமா. என்னைவிட உங்களுக்குத்தான் மனசு கஷ்டமா இருக்கும்" என்றான். ஒரு காப்பியும் வாங்கித் தந்தான்.

கம்பும் ரீலும் என் வீட்டில்தான் இருக்கும், பராமரிப்பு என் பொறுப்பு. அன்று சாயங்காலம் சமையல்கட்டுக்குப் போனால், ஆலிஸ் அறுந்த நூலின் முனையை விளக்கருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீன் அறுத்தா பிசிறு இருக்கும் அப்பா. இதுல பிசிறே இல்ல."

"பெரிய மீன். பெரிய மீன் சுத்தமா அறுக்கும்."

"கத்தி வச்சு அறுத்த மாதிரி."

"சில மீன் அப்படித்தான்."

அவள் நூலை வைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள். அன்றைக்குக் குழம்பில் காரம் அதிகம். ஆமாம் சாமி, நான்தான் அறுத்தேன். இரை வெட்டுகிற கத்தி இடுப்பில் இருந்தது. குனிந்தபோது கை தானாகப் போயிற்று. கை செய்ததை நான் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஆலிஸ் வின்சென்டிடம் அந்த நோட்டைப் படித்துவிட்டுத் தருவதாக வாங்கிக்கொண்டாள். பெண் பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தவறு செய்தேன். நோட்டில் இருந்த நாற்பத்திரண்டு நம்பரையும் வரிசையாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் நேர் எதிராகச் செய்திருக்கிறாள். ரீலைப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் விட்டிருக்கிறாள். நுனித் துண்டை மாட்டியிருக்கிறாள். புது நூல், ஒரு சாண் கம்பி, அரம் போட்டுக் கூராக்கின முள். சனிக்கிழமைதோறும் பீடத்துக்குப் பூ அலங்காரம் என்று என்னிடம் சொல்லிவிட்டு, சித்தி ஹாஜராவோடு படகேறிப் பிறை ஆற்று முகத்துவாரத்துக்குப் போயிருக்கிறாள். பீடத்தில் பூ வாடிக் கிடந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் புரியவில்லை. பெற்ற மகளைச் சந்தேகப்படத் தோன்றவில்லை, அதுதான் என் குறை.

மூன்றாம் சனிக்கிழமை மத்தியானம் வாசலில் நிழல் தட்டியது. வின்சென்ட் மீனைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறான். வால் அவன் இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. பின்னால் ஆலிஸ். அவளுக்குப் பின்னால், கூப்பிடாமலே வந்த சித்தி ஹாஜரா, தராசோடு.

"பதினொன்றரைக் கட்டி அண்ணே. வேணும்னா நீங்களே நிறுத்துக்குங்க. உங்களுக்குத்தான் யாரையும் நம்ப முடியாதே" என்றாள்.

"யார் பிடிச்சது?" என்று கேட்டேன்.

"அவர் கம்பு, அவர் ரீல், அவர் நூல்" என்றாள் ஆலிஸ். "நான் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டேன்."

வின்சென்ட் முகமெல்லாம் சிரிப்பு. "எல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்ததுதான் மாமா. ஆலிஸ் உங்க நோட்டைப் பார்த்துத்தான் செஞ்சிச்சு" என்றான். சித்தி ஹாஜராவுக்கு இருமல் வந்துவிட்டது.

அவன் போன பிறகு ஆலிஸிடம், அந்தக் கத்தி விஷயத்தை அவனிடம் சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். "சொன்னாலும் நம்ப மாட்டார் அப்பா. உங்களை அவ்வளவு நம்புறார்." பார்த்தீர்களா சாமி, நாலு வருஷத்துக்கு முன்னால் நான் கண்டுபிடித்த குறை இன்னும் அப்படியே இருக்கிறது. மீனைக் குழம்பு வைத்தாள். இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது விக்கினத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை பிடிக்க வேண்டிய மீனைப் பெண் பிடித்திருக்கிறாள். தகப்பனுக்குத் தெரியாமல் கடல் கடந்து போயிருக்கிறாள். தேவமாதா பீடத்துப் பூவின் பேரால் பொய் சொல்லியிருக்கிறாள். நாலு வருஷம் பாடுபட்ட என்னை என் வீட்டிலேயே ஏமாற்றியிருக்கிறார்கள். இதெல்லாம் விசாரிக்காமல் இரண்டாம் ஓலை வாசிப்பது முறையில்லை. என்னை விசாரியுங்கள், நான் எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்வேன். ஆலிஸை, வின்சென்டை விசாரியுங்கள். சித்தி ஹாஜராவை அவசியம் விசாரிக்க வேண்டும். அவள் பள்ளிவாசலுக்குப் போகிறவள், நம் கோயிலுக்குள் வர யோசிப்பாள், நாலு தடவையாவது ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.

அதற்குள் விபூதிப் புதன் வந்து தபசு காலம் தொடங்கிவிடும். தபசு காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது என்பது நான் போட்ட சட்டம் இல்லை. பாஸ்குப் பண்டிகை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம். வயதான காலத்தில் சோறு பொங்கிப் போட ஆள் வேண்டும் என்று இதைச் செய்வதாக ஊரில் பேசுவார்கள். வேண்டுமென்றால் நான் கடையில் நாசி கண்டார் சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொள்வேன். வீட்டில் விளக்கேற்ற எனக்கே தெரியும். மகளுடைய நன்மையைத் தவிர வேறு நினைப்பு எனக்கு இல்லை.

தபசு காலத்தின் நடுவில் வின்சென்டை ரங்கூன் கிளைக்கு மாற்றப்போவதாக ஒரு பேச்சு உங்கள் காதுக்கும் வரலாம். அவனுக்கு இன்னும் தெரியாது, சொல்லிவிடாதீர்கள். அதில் என் தப்பு ஒன்றும் இல்லை. கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவரிடம் சொல்லி அவனுடைய துரைக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் போட்டேன், அவ்வளவுதான். அதில் அவனைப் பற்றி நல்லதைத்தான் எழுதச் சொன்னேன்: நேர்மையான பையன், சொன்னதை அப்படியே கேட்பான், எவ்வளவு தூரத்து ஊருக்கு வேண்டுமானாலும் தாராளமாக நம்பி அனுப்பலாம் என்று.