வெளியே விரித்த பாய்

சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலி வரும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவர் சொன்னதைக் கேட்டதும் என் காது அங்கே போய்விட்டது.

“என் மகனை ஒரு பூச்சி முத்தம் குடுத்தே கெடுத்துட்டு, மதினி.”

“என்னத்தச் சொல்லுத?”

“அவன் டெக்சாஸ்ல இருக்கான்லா. அங்கன தூங்குத ஆளோட உதட்டுல, கண்ணோரத்துல ரத்தம் குடிக்குமாம். முத்தப் பூச்சின்னே பேரு. அதோட பீயில இருந்த கிருமி உள்ள போயிட்டு.”

“எப்பம்?”

“போன புதுசுல. கண்ணு வீங்கிச்சு, பைய வடிஞ்சுட்டு. இத்தன வருசமா உள்ளயே இருந்திருக்கு. இப்பம் இருதயம் பெருசாயிட்டுங்காவ.”

“மருந்து இல்லியா?”

“இருக்கு. கெட்டுப்போன இருதயத்தை அது திருப்பித் தராதாம்.”

“இங்கன கூட்டிட்டு வந்திரேன்.”

“இங்கன நான் கேட்ட டாக்டரு யாரும் இந்த நோயைப் பார்த்ததே இல்லியாம், மதினி.”

“வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு அது?”

“வீட்டுக்குள்ள எங்க படுத்தான்? நான்தான் பத்தமடைப் பாய் வாங்கி அனுப்பினேன். ஏசி ஒத்துக்கலன்னு, நம்ம மொட்டைமாடியில படுக்கமாரி, அதை வெளிய புல்லுல விரிச்சுப் படுத்தான். அந்தப் போட்டோவை நான் தெருவெல்லாம் காட்டினேன்.”

பேருந்து மேலப்பாளையம் தாண்டியது.

“அங்கன டாக்டரு அவன்கிட்ட கேட்டாரு, வெளிய படுத்துத் தூங்குனது உண்டான்னு. ஒருநாளும் இல்லன்னுட்டான். நானும் போன்ல கேட்டுட்டு இருக்கேன்னு அவனுக்குத் தெரியும்லா.”