துண்டுக்குள் ஒரு கை

"எனக்கு இந்த விரல் பாஷையெல்லாம் தெரியாதுங்க. வாயைத் திறந்து கூப்பிடுங்க."

"எல்லாரும் பார்க்கறாங்க..."

"பார்க்கட்டுமே. ஊரான் பொண்டாட்டியையா கூப்பிடப் போறீங்க?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி, கெளம்புங்க. அரியலூருக்குக் கடைசி பஸ் போயிடும்."

அவ்வளவுதான் பேச்சு. போன ஆவணியில், திருமழபாடியில், அவளுடைய அண்ணன் வீட்டு வாசலில் நடந்தது. அவர் பெயர் வெள்ளைச்சாமி. அவள் சிந்தாமணி, அவருடைய மனைவி. என் தோழி புவனேஸ்வரிக்குப் பெரியப்பா, பெரியம்மா. இந்தக் கதையில் பாதி பெரியப்பா புவனாவிடம் சொன்னது. மீதி அவள் கண்ணால் பார்த்தது.

"என்னக்கா, பேய்க் கதைன்னுட்டு புருசன் பொண்டாட்டி சண்டையைச் சொல்றீங்க?" என்றாள் பானுப்ரியா. விடிந்தால் அவளுக்குத்தான் கல்யாணம். பெரம்பலூர் மண்டபத்தின் மாடி அறை. கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போன ஆள் இன்னும் வரவில்லை. ஒரே ஜமுக்காளத்தில் ஏழு பெண்கள், ஒட்டிக்கொண்டு.

"ரெண்டும் ஒண்ணுதான்டி. போகப் போகத் தெரியும்," என்றாள் கவிதா.

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, மேலே சொன்னேன்.

மார்கழி மாதம். விடிகாலை மூன்றே முக்கால் மணி. அரியலூருக்கு வெளியே, மாட்டுச் சந்தைக்குப் போகிற சாலை. பகலெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற சாலை அது. அந்த நேரத்தில் ஒரு லாரிகூட இல்லை. இரண்டு பக்கமும் புளியமரம். இலையெல்லாம் வெள்ளைத் தூசி. பனியில் அந்தத் தூசி நனைந்தால் ஒரு வாசம் வரும்... பூசி முடித்த புதுச் சுவர் மாதிரி.

அந்தச் சாலையில் முப்பது வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் நடந்தவர் வெள்ளைச்சாமி. மாட்டுத் தரகர்.

சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கை கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ, அதுதான் விலை. சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருத்தருக்கும் தெரியாது. ஒரே ஒரு விதி. துண்டுக்குள் கை இருக்கிறவரை வாய் திறக்கக் கூடாது. திறந்தால் வியாபாரம் முறிந்தது.

சந்தைக்கு அது சரி. அவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

சிந்தாமணியை அவர் முதன்முதலில் பார்த்தது திருமழபாடி நந்தி கல்யாணத்துக் கூட்டத்தில். கொள்ளிடத்து வெயிலில், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவாமி வருகிற திசையையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிடித்துப்போயிற்று. அதை அவளிடம் சொல்லவில்லை. அம்மாவை அனுப்பிப் பெண் கேட்டார். இருபத்தாறு வருஷம் குடித்தனம். ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார். அவ்வளவுதான். பிள்ளை இல்லை. அதைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவள் பேசியதெல்லாம் ஒரு செவலைப் பசுவோடு. கன்றுக்குட்டியிலிருந்து அவள் வளர்த்தது.

ஆடி மாதம் ஒரு நாள் யாரோ ஒருவர் வந்தார். வாசலிலேயே நின்று இருவரும் துண்டு போட்டார்கள். சிந்தாமணி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சொம்பு திரும்பி வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணெதிரில்தான் அவள் பசு விலை போனது. அவளுக்குத் தெரியவில்லை. கயிற்றை அவிழ்த்தபோதுதான் தெரிந்தது.

அன்று சாயந்திரமே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து அழைத்துவரப் போனார். வாசல் நிறைய உறவு ஜனம். வார்த்தை வரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கை மேல் போட்டார். உள்ளே அவளுடைய ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தார். அதற்கு மேல் பிடிக்கக் கையில் விரல் கிடையாது, பாருங்கள்... அவளோ கையை உருவிக்கொண்டாள். வாயைத் திறந்து கூப்பிடுங்க என்றாள்.

அடுத்த வாரம் வந்து கூப்பிடலாம் என்று பஸ் ஏறினார். அடுத்த வாரமும் அப்படியே நினைத்தார்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு ஜோடிக் காளைக்குத் துண்டுக்குள் கை வைத்திருந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. மறுபடியும்... அவர் எடுக்கவில்லை. வியாபாரம் படிந்த பிறகு எடுத்தார். மச்சான் அழுதுகொண்டிருந்தார்.

"உங்க குரலைக் கேக்கணும்னா மாப்ள... கடைசி வரைக்கும் போனைக் காதுலயே வச்சுக்கிட்டு இருந்தா."

கவிதா போர்வையை இழுத்து எல்லோர் மேலும் போர்த்தினாள். கீழே சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கிறவர்களின் பேச்சுகூட நின்றுபோயிருந்தது.

மார்கழி முதல் செவ்வாய். சந்தை இன்னும் கூடவில்லை. ஓரத்து விளக்கு எரியவில்லை. இருட்டில் மாடுகள் அசைபோடுகிற சத்தம் மட்டும். துண்டை உதறிக் கை மேல் போட்டுக்கொண்டு நின்றார் வெள்ளைச்சாமி. எதிரில் ஒரு ஆள் வந்து நின்ற மாதிரி இருந்தது. சால்வை போர்த்தின உருவம். முகம் தெரியவில்லை. துண்டுக்குள் ஒரு கை வந்தது.

வாங்க வந்த ஆள் என்று ஒரு விரலைப் பிடித்தார்.

குளிர்ச்சி. பனிக் குளிர்ச்சி இல்லை... ரொம்ப நேரம் தண்ணீரிலேயே கிடந்த கையின் குளிர்ச்சி.

இரண்டு விரல் பிடித்தார். பதில் இல்லை. மூன்று பிடித்தார். அந்தக் கை மூடவும் இல்லை, விலகவும் இல்லை. அவருடைய கட்டைவிரல், அந்தக் கையின் ஆள்காட்டி விரல் நுனியில் பட்டது. அங்கே ஒரு தழும்பு. குறுக்கே, மேடாக. கல்யாணமான புதிதில் சிந்தாமணி அரிவாள்மனையில் வெட்டிக்கொண்ட இடம்.

துண்டுக்குள் கண்ணாடி வளையல் ஒன்று அவர் மணிக்கட்டில் உரசியது. சிணுக்.

நிமிர்ந்து பார்த்தார். எதிரில் யாரும் இல்லை. ஆனால் கை இருந்தது. ஒரு மூச்சு நேரம் இருந்தது. அதன் பிறகுதான் துண்டு தொய்ந்து விழுந்தது. அப்போதுதான் கவனித்தார்... ஒரு மாடுகூட அசைபோடவில்லை.

"அக்கா, போதுங்க்கா," என்றாள் பானு. ஆனாலும் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். எல்லோரும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது செவ்வாயும் வந்தது. இந்த முறை அவர் எந்த விரலையும் பிடிக்கவில்லை. அந்தக் கை பிடித்தது. அவருடைய ஐந்து விரலையும் சேர்த்து, இறுக்கி.

அவளுக்குத்தான் விரல் பாஷை தெரியாதே... ஒன்றே ஒன்றுதான் தெரியும். அவரே பிடித்துக் காட்டியது.

வீட்டுக்கு வந்து கையை முகர்ந்து பார்த்தார். மஞ்சளும், அவளைப் புதைத்த கொள்ளிடக் கரையின் ஆற்று வண்டலும் கலந்த வாசம். சோப்புப் போட்டும் போகவில்லை. அன்றைக்குத்தான் புவனாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். வாழ்க்கையில் அவர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியது அதுதான் முதல் தடவை என்பாள் அவள்.

"பெரிப்பா, வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய் மாவிளக்கு போட்டுட்டு, ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டிக்கிட்டு வந்துருவோம்."

"வேணாம் புள்ள."

"ஏன்?"

"கயிறு கட்டினா அவ வரமாட்டா."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு மாசமா பனியில நிக்கறா. அவ கை எப்படிச் சில்லிட்டுக் கெடக்குன்னு தெரியுமா உனக்கு?"

மூன்றாவது செவ்வாய். அவரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் புவனாதான் ஸ்கூட்டியில் அழைத்துப் போனாள். கிளம்பும்போது அவர் வீட்டைப் பூட்டவில்லை. கதவு விரியத் திறந்து கிடந்தது. எல்லா விளக்கும் எரிந்தது.

"பெரிப்பா, கதவு..."

"கெடக்கட்டும்."

பாதி வழியில் பின்னாலிருந்து கேட்டார்: "ஏம்புள்ள, திரும்பி வரப்ப இந்த வண்டியில மூணு பேரு போலாமா? போலீசு புடிப்பானா?"

"இந்த நேரத்துல எந்த போலீஸ் பெரிப்பா நிக்கறான்? யாரு மூணாவது ஆளு, வியாபாரியா?" என்று சிரித்தாள் புவனா.

கொஞ்ச தூரம் போய்த்தான் அவளுக்கு உறைத்தது. அதன் பிறகு அவள் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

சந்தைக்கு முன்னால், கடைசிப் புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னார். இறங்கினார். தோளிலிருந்து துண்டை எடுத்தார். வலது கையை முன்னால் நீட்டி, அதன் மேல் போட்டுக்கொண்டு நின்றார்.

மணி மூன்றே முக்கால்.

முதலில் வாசம் வந்தது. மஞ்சள்... ஆற்று வண்டல்... புவனா போன் வெளிச்சத்தை அடித்தாள்.

துண்டின் ஒரு பக்கம் பெரியப்பாவின் கை மேல் கிடந்தது. இன்னொரு பக்கம் தொங்கவில்லை. அவர் விரல் முடிகிற இடத்தைத் தாண்டி, இன்னும் ஒரு முழம், நேராக, வெறும் காற்றில் நின்றது. கீழே ஒன்றுமில்லை. அந்த முனையில் துணி மெதுவாக அசைந்து, பெரியப்பாவின் விரல்களைச் சுற்றி இறுகியது.

சிணுக்.

பெரியப்பா அழுதுகொண்டிருந்தார். உதடு பிரிந்தது, மூடியது. மறுபடி பிரிந்தது. முப்பது வருஷம் தரகு பார்த்த மனுஷன்... துண்டுக்குள் கை இருக்கும்போதே, வாயைத் திறந்தார்.

"சிந்தாமணி... வூட்டுக்கு வா."