மயிரிழைக் கீறல்

இந்த அறையில் ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது. பத்து வருடம் ஐஸ் அரங்கின் இரும்பு வாங்கில் உட்கார்ந்தவனுக்கு இதுவே பெரிய சுகம். சிறுவர் பாதுகாப்புப் பிரிவிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னீர்கள். நல்லது. நிதானமாகவே சொல்கிறேன்.

என் மகள் மிருணாளினிக்குப் பதினான்கு வயது. ஸ்கேட்டிங் சப்பாத்தோடு பனியில் எழும்பி, காற்றில் இரண்டரைச் சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் இறங்குவாள். சிட்னியில் அவள் வயதில் அதைச் செய்யக்கூடியவர்கள் மூன்று பேர். மற்றப் பெற்றோரைப் பார்த்திருக்கிறீர்களா? பிள்ளை தொப்பென்று விழும். இவர்கள் கை தட்டுவார்கள். பிள்ளையின் சந்தோஷம்தான் முக்கியமாம். சந்தோஷத்துக்கு வீட்டில் நாய் வளர்க்கலாம். பயிற்சிக்காக நார்த்மீட் வீட்டிலிருந்து விடியற்காலை நாலரைக்குக் கார் எடுக்கத் தேவையில்லை.

ஜூன் மாதம் இடுப்பு நோகிறது என்றாள். என் மனைவி யோகா பதறிப்போய் ஸ்கான் எடுக்க வைத்தாள். யோகாவுக்குப் பதற மட்டும்தான் தெரியும். முடிவைச் சொல்ல டொக்டர் என்னைத்தான் அழைத்தார். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் மயிரிழைக் கீறல். மூன்று மாதம் பனியில் கால் வைக்கக் கூடாது. நடப்பதற்கும் ஊன்றுகோல் வேண்டும்.

மெல்பேர்ன் தெரிவுப் போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது. நன்றி சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. அழித்தேன்.

"டொக்டர் என்னவாம்?" என்று மகள் கேட்டாள்.

"ஒண்டும் இல்லையாம். பயத்திலதான் நோகுதாம்."

"ஆனா ரியலா நோகுது, அப்பா."

"பயந்தவைக்கு அப்பிடித்தான் இருக்கும்."

அதற்குப் பிறகு அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். சின்ன வீடு, எல்லாம் கேட்கும். "ஸ்கான் கிளியர்தானே?" என்றாள் யோகா. "ஓம்" என்றேன். நம்பினாள். நம்புவது வசதி. நொண்டுவதைக் கண்ட பயிற்சியாளரும் ஒருமுறை விசாரித்தார். டொக்டர் சரியென்று விட்டார் என்றேன். கேள்வி கேட்டுவிட்ட பெருமையோடு திரும்பிப் போனார்.

மெல்பேர்னில், மூன்றாவது தாவலில் இறங்கும்போது எலும்பு முறிந்தது. சத்தம் மேல் வரிசை வரை கேட்டது. அப்போதும் கை தட்டினார்கள், அந்த மடையர்கள்.

மூன்று திருகாணி போட்டிருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க நொண்டுவாள் என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர் பழைய அறிக்கையைத் தேடி எடுத்ததால் நீங்கள் வந்திருக்கிறீர்கள். ஓம், தெரிந்துதான் செய்தேன். ஐந்து வாரமும், ஒவ்வொரு நாளும், தெரிந்துதான் அவளைப் பனியில் இறக்கினேன்.

ஆனால் நான் எப்படிப்பட்ட தகப்பன் என்பதும் உங்கள் கடதாசியில் இருக்க வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்ததும் அவள் என்னைத்தான் தேடினாள்.

"சொரி அப்பா. நான் பயந்திட்டன். அதான் விழுந்தனான்."

தலையைத் தடவிக் கொடுத்தேன். "பரவாயில்லை பிள்ளை. அப்பா மன்னிச்சிட்டன்" என்றேன்.

அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை தகப்பன்மார் மன்னிப்பார்கள்?